பசியில் நின்ற குதிரை

கண்ணு,

இதை மஞ்சூரில் உன் சின்னம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சின்னம்மாவுக்கு மூட்டுவலி, துணைக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு வந்தேன். அது பொய். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். காலையில் கொழுந்து பறிக்கப் போனால் மூன்று மணிக்குத்தான் திரும்புகிறாள். நான் வந்தது நீ வாங்கப்போகிற குதிரையைப் பார்க்க. பதினாறு நாளாகத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து வந்து அதை ஊட்டிக்கு ஏற்றிக்கொண்டு போவதாகத் தேயிலைத் தோட்டக்காரர் கவுடரிடம் நீ சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும் என்று, தபாலை நம்பாமல், நீ இருக்கிற திருப்பூருக்கு நாளைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை ஆரம்பித்தேன். நீ முடிக்க விடவில்லை. "அம்மா, நீ சும்மா பயந்துக்காதே. அப்பாவை ஏமாத்துன மாதிரி என்னை ஒருத்தனும் ஏமாத்த முடியாது. இந்தத் தோட்டக்காரர் நல்ல மனுசன், ஊசி கீசி போட்டுச் சாதுவாக்கி விக்கற ஆள் கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டாய். நீ வைத்த பிறகும் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். ஊசி என்கிற அந்தச் சொல் உனக்கு என் வாயிலிருந்துதான் வந்தது. அப்பா போனபோது நான் சொன்ன ஒரு பொய்யை நம்பித்தான் இன்றைக்கு நீ இந்தக் குதிரைக்குக் கை நீட்டுகிறாய். அந்தப் பொய்யை முதலில் எடுத்துப் போடாமல் வேறு என்ன புத்தி சொன்னாலும் உனக்கு உதவாது. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். நிர்மலாவுக்கும் படித்துக் காட்டு. மருமகள் முன்னால் மாமியார் மானம் போனால் போகட்டும். ஊட்டி ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு உன்னோடு குதிரை பிடிக்கப் போகிறவர்களுக்கும் காட்டு. அவர்களில் பாதிப் பேர் செய்கிற தப்புதான் நான் செய்ததும்.

உனக்கு நம் மட்டக்குதிரை மீனாவை நினைவிருக்கும். நீ நடக்கப் பழகியதே அதன் காலைப் பிடித்துக்கொண்டுதான். அதை அப்பா கிளென்மார்கன் ஊரில் வாங்கினார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாசம். குதிரை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன மனுசன் ஒரு வாரம் வரவில்லை. அங்கே தெரிந்தவர் வீட்டில் தங்கி, தினமும் அந்த மட்டக்குதிரைக்குத் தன் கையால் கொள்ளு வேகவைத்துப் போட்டிருக்கிறார். வயிறு நிறைந்து, உடம்பில் வலு ஏறின பிறகு அதன் முன்னால் குடையை விரித்திருக்கிறார். காலி டின்னைத் தட்டியிருக்கிறார். மழைக்கோட்டை உதறியிருக்கிறார். காதைப் பிடித்து இழுத்து, பின்னாலே போய் வாலைத் தூக்கி, நாலு காலையும் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் பிடித்து வந்தார். எனக்கு வந்ததே கோபம். "ஒரு குதிரையைப் பாக்க ஒரு வாரமாங்க? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப கால் மணி நேரம்கூட உக்காரலையே" என்றேன். "ஏம்புள்ளே, உன் முதுகுல ஊரான் புள்ளைங்க உக்காரப் போறதில்லையே. இது மேல உக்காருமே" என்றார்.

பார்க்க மீனா ஒன்றும் அழகில்லை. குட்டைக்கால், தொங்கின வயிறு, பெரிய தலை. சுழி பார்க்கிறவர்கள் அதன் நெற்றியைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுவார்கள், வீட்டுக்கு ஆகாத சுழி என்று. அப்பா கண்டுகொள்ளவே மாட்டார். "சுழியா வந்து உதைக்கப் போவுது? கால்தானே உதைக்கும், அதைப் பாத்துட்டேன்" என்பார். பதினெட்டு வருசம் அது ஒரு குழந்தையைக் கீழே போட்டதில்லை. சீசனில் பஸ்ஸு, வேனு, பலூன், விசில், குரங்கு, எது வந்தாலும் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு நிற்கும். அதன் வருமானத்தில்தான் நீ பத்தாவது வரைக்கும் படித்தாய்.

அது செத்ததும் எங்களால்தான். மழைக்காலத்தில் ஆள் வராத நாளில் எல்லோரையும் போல நாங்களும் அதை அவிழ்த்துவிடுவோம், மார்க்கெட்டில் முட்டைக்கோசு இலை, கேரட் தழை என்று தின்றுவிட்டுச் சாயங்காலம் தானே வந்துவிடும். ஒரு தடவை வரவில்லை. தேடிப் போனால் குப்பைத்தொட்டி பக்கத்தில் படுத்துப் புரண்டுகொண்டிருந்தது. வயிற்றில் இருந்தது பூராவும் பிளாஸ்டிக் பை. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது கண்ணு, உள்ளே போனது போனதுதான். மறுநாள் மத்தியானம் முடிந்துவிட்டது. சும்மா கிடக்கும் நாளிலும் தீனி போடமுடியாது என்றால் குதிரை வாங்காதே. இது முதல் விசயம். இதற்கு நானும் அப்பாவும் சேர்ந்து பொறுப்பு. அடுத்ததற்கு நான் மட்டும்.

மீனா போன பிறகு அப்பா இன்னொருவர் குதிரையைக் கூலிக்குப் பிடித்தார். நான் அதே ஏரிக்கரை ரோட்டில் அவிச்ச சோளம் விற்றுக்கொண்டிருந்தேன். வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு நாள் பூராவும் பார்ப்பேன். புதுசாகக் கல்யாணமானவர்கள் வருவார்கள், நெட்டையாகப் பளபளவென்று நிற்கிற ரேஸ் குதிரையிடம்தான் போவார்கள், போட்டோவுக்கு. மட்டக்குதிரைக்காரர்கள் "வாங்க சார், வாங்க மேடம்" என்று கத்திக்கொண்டே கிடப்பார்கள். அந்த நெட்டைக் குதிரைக்காரன் ஒருத்தன் சோளம் வாங்கும்போதெல்லாம் என்னிடம், "அக்கா, மாமாவை இன்னும் கூலிக்கு ஓட விட்டுட்டே இருக்கீங்களே, நம்ம மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். எனக்கு உள்ளே எரியும். அப்படி ஒரு ஆசை எனக்கு வந்தது. அப்பாவுக்கு அது வரவே இல்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆசை என்னுடையது.

ரேசில் ஓடிக் கழித்துவிட்ட குதிரை ஒன்று மலைக்குக் கீழே பர்லியாரில் நிற்கிறது என்று ஒரு தரகர் வந்து சொன்னார். இரண்டு மூன்று கை மாறி அங்கே வந்து சேர்ந்திருந்தது. நானும் அப்பாவும் பஸ்ஸில் மலை இறங்கிப் போனோம். அங்கே அடிக்கிற வெக்கைதான் உனக்குத் தெரியுமே, ஊட்டியிலிருந்து போட்டுக்கொண்டு போன சுவெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். தகரக் கொட்டகைக்குக் கீழே அது நின்றது. செவலை. என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரம். மெல்லிய தோல், உள்ளே ஓடுகிற நரம்பு தெரியும். நீளக் கால், சின்னத் தலை, பெரிய கண். எலும்பும் தோலுமாக இருந்தும் அந்த ஜாதி தெரிந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. நான் வாயில் கைவிட்டேன், சும்மா இருந்தது. அடிவயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனேன், சும்மா இருந்தது. முந்தானையை உதறினேன், ஒரு காதுகூட அசையவில்லை. "ஏனுங்க, பச்சைப்புள்ளை மாதிரி நிக்குதுங்க" என்றேன்.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். விலாவில் விரல் வைத்து எண்ணினார். கண்ணுக்கு மேலே விழுந்திருந்த குழியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அது போட்டிருந்த லத்தியைக் குச்சியால் கிளறினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்புள்ளே, இது சாதுவா இல்லையான்னு இப்ப சொல்ல முடியாது. இது பசியில நிக்குது. பசியும் வெயிலும்தான் இதைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கு. பத்து நாள் தீனி போட்டு, மேலே குளிர்ல கொண்டுபோய்ப் பாத்தாத்தான் உள்ளே என்ன இருக்குன்னு தெரியும். ரேஸ் ஜாதி வேற. பத்து நாள் கழிச்சு வரேன்னு சொல்லிடலாம்" என்றார்.

தரகர், அதற்குள் வேறு ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார் என்றார். நிசமாகவே குன்னூரிலிருந்து ஒருவர் வந்து அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் சொன்னேன். நாலு ஆம்பளைகள் கேட்கச் சொன்னேன். "உங்களுக்குப் பயமுங்க. நெட்டைக் குதிரையைக் கண்டதும் முட்டி ஆடுது. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு பசி, குளிருன்னு கதை சொல்லறீங்க. இப்படிப் பயந்து பயந்துதான் கடைசி வரைக்கும் அடுத்தவன் குதிரைக்குக் கயிறு பிடிக்கறீங்க" என்றேன். தரகர் தரையைப் பார்த்தார். குன்னூர்க்காரர் சிரித்தார். அப்பா போய் அந்தச் செவலையின் கயிற்றை அவிழ்த்தார்.

இவ்வளவுதான் நடந்தது. யாரும் ஊசி போடவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. குதிரை இருந்தபடிதான் நின்றது. பசியைக் குணம் என்று நினைத்தது நான். வேண்டாம் என்று சொன்ன மனுசனை வாயடைத்து வாங்க வைத்ததும் நான்.

மேலே கொண்டு வந்து நான்தான் அதைத் தேற்றினேன். அப்பா கொஞ்சம் கொஞ்சமாகப் போடு என்பார். நான் அவர் இல்லாத நேரத்தில் இன்னொரு படி கொள்ளு போடுவேன். தவிடு, வெல்லம், கேரட் எல்லாம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்கிற மாதிரி பார்த்தேன். மூன்று வாரத்தில் தோல் பளபளவென்று ஆனது, கழுத்து வளைந்து நிமிர்ந்தது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை. அப்பாவுக்கு முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஏனென்றால் அதற்கு வலு வர வர உள்ளே இருந்தது வெளியே வந்தது. காலைப் பனியில் வெளியே கொண்டுவந்தால் நிற்காது, நிலத்தைப் பறிக்கும். காதைப் பின்னால் ஒட்ட வைத்துக்கொள்ளும். பின்னாலிருந்து இன்னொரு குதிரை ஓடிவந்தால் போதும், கண்ணில் வெள்ளை தெரியத் தலையைத் தூக்கிக்கொண்டு பாயும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. குட்டியிலிருந்து அதற்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று, பக்கத்தில் ஒருத்தன் முந்தினால் நீ அவனை முந்து என்று. அதன் ஆத்தா அப்பன், அதற்கு முந்தின தலைமுறை எல்லாம் அதற்காகவே பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. ஜாதி என்பது அதுதான். மட்டக்குதிரையின் வம்சம் மூட்டை சுமந்த வம்சம், அது நிற்கும். இது ஓட்டத்துக்கென்றே பிறந்தது, ஓடும். நாம் இரண்டு நாள் தடவிக்கொடுத்தால் மாறிவிடாது.

"வித்துடலாமுங்களா" என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொன்னால் நான் மறுபடி பயம் என்பேன் என்று நினைத்திருப்பார். அது இழுத்த இழுப்பில் அவருடைய வலது கட்டைவிரல் பிசகி வீங்கிப் போயிருந்தது. எண்ணெய் தேய்த்துத் துணி சுற்றிக்கொண்டே வேலைக்குப் போனார்.

மே மாசம், ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த நாள். மத்தியானம் ரோடு பூராவும் கூட்டம். ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, ஏழு வயசுப் பெண் குழந்தை. "அந்தப் பெரிய குதிரைதான் வேணும்" என்று அழுதது. நான் சோளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா குழந்தையைத் தூக்கி மேலே வைத்தார். பிறகு கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். கண்ணு, கயிற்றைக் கையில் சுற்றாதே என்று ஏரிக்கரைக்கே சொல்லிக்கொடுத்த மனுசன் அவர். விரலில் பிடிமானம் இல்லாததால் சுற்றினார். நான் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு ஆள் சோளம் கேட்டார்.

பின்னாலிருந்து ஒரு குதிரை பாய்ச்சலில் வந்தது, எவனோ சுற்றுலாவுக்கு வந்தவன் குதிரை ஓட்டத் தெரியும் என்று வாங்கி விரட்டிக்கொண்டு வந்தான். செவலை அதைப் பார்க்கக்கூட இல்லை, குளம்புச் சத்தம் கேட்டதும் போய்விட்டது. அவர் கூடவே ஓடினார். கொஞ்ச தூரம் ஓடினார். குழந்தையின் காலை இடதுகையால் பிடித்து இழுத்துப் புல்லில் தள்ளிவிட்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் கால் தரையில் இல்லை. சின்னப் பாலத்துச் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் மறுநாள் கொஞ்ச நேரம் நினைவு வந்தது. "குழந்தைக்கு?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, முட்டிதான் சிராய்ச்சிருக்கு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "செவலைக்குத் தண்ணி காட்டினியா?" என்றார். காட்டவில்லை. காட்டினேன் என்றேன். நீ திருப்பூரிலிருந்து வந்து சேரும்போது முடிந்துவிட்டது.

நீ வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாரும்மா இந்தக் குதிரையை வாங்கச் சொன்னது? அப்பா ரேஸ் குதிரை தொடமாட்டாரே?" என்பதுதான். வீட்டில் உடம்பை வைத்திருந்தார்கள். சர்ச்சிலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தரகன் ஊசி போட்டு நிறுத்தி ஏமாத்திட்டான் சாமி" என்று அழுதேன். அது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நீ அந்தத் தரகரைத் தேடிக்கொண்டு போய்ச் சட்டையைப் பிடித்தாய். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, நான் ஒன்றும் செய்யவில்லை என்று அழுதாராம். பிறகு இந்தப் பக்கமே வருவதை விட்டுவிட்டார். அதுவும் என் கணக்கில்தான் இருக்கிறது. இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், உன் மகனிடமும் சொல்லிவிடு என்றார். மந்திரம் அன்றைக்கே சொல்லி முடித்தேன். உன்னிடம் சொல்ல இவ்வளவு நாளாகிவிட்டது.

இனி இந்தக் குதிரைக்கு வருகிறேன்.

நீ போட்டோ அனுப்பியபோதே எனக்குச் செவலை நினைவுக்கு வந்துவிட்டது. பால் மாதிரி வெள்ளை, நெட்டை, ரேசில் ஓடினது. "அம்மா, அவ்வளவு சாது, கவுடர் பேத்தி வயித்துக்குக் கீழே பூந்து பூந்து விளையாடறா" என்று சொன்னாய். நானும் பர்லியாரில் அப்படித்தான் பூந்தேன். அதனால்தான் புறப்பட்டு வந்தேன். தோட்டக்காரக் கவுடர் நீ சொன்ன மாதிரியே நல்ல மனுசர். பேத்தி ஆசைப்பட்டாள் என்று வாங்கியிருக்கிறார், தேயிலை ஓரத்துப் புல்லைத் தவிர வேறு தீனி வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. "கொள்ளா? புல்லு போதாதாம்மா?" என்று கேட்டார். விலா தெரிந்தது. கண்ணுக்கு மேலே குழி. தலை தொங்கிக்கொண்டிருந்தது.

நான் உன் அம்மா என்று சொன்னேன், பையன் வாங்கும் முன்னால் நான் தீனி போட்டுப் பார்க்க வேண்டும், செலவு என்னுடையது என்றேன். சரி என்றார். தினமும் காலையில் கொள்ளை வேகவைத்துத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு, சின்னம்மா தோட்டத்துக் கேரட்டையும் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போவேன். முதல் நாள் ஒரு கை, பிறகு இரண்டு கை. ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு பிடித்துக்கொள்ளும். பத்தாம் நாள் வரைக்கும் கவுடர் கேலி பண்ணிக்கொண்டே இருந்தார். "ஏனம்மா, குதிரை பாக்கறீங்களா மாப்பிள்ளை பாக்கறீங்களா? மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை நாள் யாரும் சோறு போட்டுப் பாக்க மாட்டாங்களே" என்றார். "போட்டுப் பாத்திருந்தா பாதிக் கல்யாணம் நடக்காதுங்க" என்றேன். அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து அப்படிச் சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் என் காலடி கேட்டதும் தலையைத் தூக்கிக் கனைத்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்பதாம் நாள் வயிற்றைத் தடவினால் காதைப் பின்னால் வைத்தது. பன்னிரண்டாம் நாள் கீழே வளைவில் பஸ் ஆரன் அடித்ததற்கு முளையைப் பிடுங்கிக்கொண்டது. அன்றைக்கு மேல் பேத்தியைக் கிட்டே விடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று கவுடரிடம், அவர் மருமகனை ஸ்கூட்டரில் பின்னாலிருந்து வேகமாக வரச் சொல்லுங்கள் என்றேன். கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றார் கவுடர். கையில் வேண்டாம், தைல மரத்தில் கட்டுங்கள் என்று அடம்பிடித்துக் கட்ட வைத்தேன்.

ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து முந்தினதுதான் தெரியும். மரப்பட்டை உரிந்தது, தலைக்கயிறு அறுந்தது. தேயிலைக்கு நடுவில் இருக்கிற பாதையில் இறங்கிப் போய்விட்டது. அந்தப் போக்கில் முன்னால் யார் நின்றிருந்தாலும் அவ்வளவுதான். கீழே வேலி வரைக்கும் போய்த் தானாக நின்றது. நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனபோது உடம்பெல்லாம் வேர்த்து, கால் நடுங்கிக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்த்தபடி நின்றது. ஓடி முடித்தாயிற்று, யாராவது வந்து போர்வை போர்த்தி விடுவார்கள் என்று எதிர்பார்க்கிற மாதிரி நின்றது. முட்டியில் ரத்தம். என் சேலையைக் கிழித்துக் கட்டினேன். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. கெட்ட குதிரை இல்லை கண்ணு. பெரிய மைதானம் வைத்திருக்கிற, ஓட்டத் தெரிந்த ஆளிடம் போனால் அது நன்றாக இருக்கும். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் கூட்டிப்போகிற குதிரை இல்லை, அவ்வளவுதான்.

கவுடர் வெளுத்துப் போய்விட்டார். "அம்மா, உங்க மாதா மேல நீங்க சத்தியம் கேட்டாலும் பண்றேன், எனக்கு இது தெரியாது. மறைச்சு விக்கணும்னு நினைக்கலை" என்றார். "உங்க மேல தப்பில்லீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க அதை வயிறு நிறைஞ்சு பாத்ததே இல்லையே" என்றேன். நல்ல மனுசன் விற்கிறான் என்பதற்காக நல்ல குதிரை என்று ஆகிவிடாது என்பதை நீ இதிலிருந்து எடுத்துக்கொள். விற்கிறவனுக்கே தெரியாத குணம் குதிரைக்குள் இருக்கும்.

அங்கேயே நின்று, என் பையனுக்கு இந்தக் குதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "பையன்கிட்டக் கேட்டீங்களா?" என்றார். "கேக்கலீங்க" என்றேன். அவர் குனிந்து குதிரையின் முட்டியில் போட்ட கட்டைப் பார்த்தார். பிறகு சரி என்றார். நீ போன் பண்ணினால் அவர் எடுக்க மாட்டார். நான்தான் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

குதிரையே வாங்காதே என்று எழுதத்தான் எனக்கு ஆசை. பனியன் கம்பெனியில் பத்து மணி நேரம் நின்று உன் கால் வீங்குகிறது, ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று நீயும் நிர்மலாவும் நினைப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சொன்னாலும் கேட்கமாட்டாய். வாங்கினால் குட்டையாக, தடித்த கழுத்தாக, நாலு பேர் திரும்பிப் பார்க்காத ஒன்றாக வாங்கு. வயிறு நிறைந்து, குளிரில் நின்று, வேலை இல்லாமல் ஓய்வாக இருக்கும்போது அது எப்படி இருக்கிறது என்று பார். களைத்தபோதும் பசித்தபோதும் எல்லாக் குதிரையும் சாதுதான். கூட நிர்மலாவைக் கூட்டிப் போ. ஆனால் அவள் சொல்கிறாள் என்பதற்காக வாங்காதே. அவள் சொல்கிறாள் என்பதற்காக விட்டுவிடவும் செய்யாதே. உனக்கு உள்ளே வேண்டாம் என்று பட்டால், அவள் நாலு பேர் முன்னால் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னாலும் கயிற்றைத் தொடாமல் திரும்பி வா. நிர்மலா, நீ இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த வார்த்தையை மட்டும் அவனிடம் எப்போதும் சொல்லாதே அம்மா.

ஒரு குதிரையைப் பற்றி வீட்டு ஆம்பளையின் பேச்சைக் கேட்காமல் நான் முடிவு செய்வது இது இரண்டாவது தடவை. இதுவும் தப்பாக இருக்கலாம். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ எப்படியும் வருவாய், குதிரைக்கு இல்லாவிட்டாலும் என்னிடம் சண்டை போட வருவாய். வா. சின்னம்மா வீட்டு வாசலில் நின்று இந்த லைன் வீடுகள் பூராவும் கேட்கக் கத்து. ஊசி என்று சொன்ன பொய்க்குத் திட்டு, அப்பாவைச் சொன்ன வார்த்தைக்குத் திட்டு, உன்னைக் கேட்காமல் குதிரையை வேண்டாம் என்றதற்கும் சேர்த்துத் திட்டு. நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசமாட்டேன். கையும் காலும் முழுசாக என் முன்னால் நின்று நீ திட்டினால் எனக்கு அது போதும்.

அம்மா